பலகையில் எழுதியதும் பந்தியில் நடப்பதும்: திருச்சபை தன் அடிப்படை விழுமியங்களை எப்படி வரையறுக்கிறது?

பேராயர் ஒருவரின்கீழ் வரும் சபைகளின் தொகுதியான திருமண்டலத்தின் தேர்தல், பேராயர் பதவி, சபைச் சொத்து ஆகியவை குறித்த வழக்குகள் செய்தியாகும்போதெல்லாம், ‘திருச்சபை தன் விழுமியங்களைக் கைவிட்டுவிட்டது’ என்ற குற்றச்சாட்டு வழக்கின் இரு தரப்பிலிருந்தும் ஒரே சொற்களில் எழுகிறது. இன்னொரு பக்கம், ‘நோக்கம், பணி, அடிப்படை விழுமியங்கள்’ என்று மூன்று கட்டங்கள் வரைந்த பலகையை ஆலய முகப்பில் வைக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. அன்பு, ஐக்கியம், பரிசுத்தம், ஊழியம், உண்மை என்று ஐந்து சொற்கள் எழுதப்பட்ட ஒரு பலகையைக் கழற்றி அடுத்த ஊர் ஆலயத்தில் மாட்டினால், அங்குள்ளவர்கள் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கமாட்டார்கள். எந்தச் சபைக்கும் பொருந்தும் சொற்கள் ஒரு சபையை வரையறுப்பதில்லை என்பதால், விழுமியம் என்ற சொல் உண்மையில் எதைக் குறிக்கிறது, அதை வரையறுக்க ஒரு திருச்சபை என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்பது பயன் தரும். அதற்கு நமக்கு மிக அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு, 28 ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின் 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை.

ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படும் சொற்கள்

சபைக் கூட்டங்களில் விவாதம் திசைமாறுவதற்குப் பெரும்பாலும் காரணம், வெவ்வேறு வேலை செய்யும் நான்கைந்து சொற்களை ஒரே பொருளில் ஆளுவதுதான்.

1. விசுவாசப் பிரமாணம்: சபை எதை நம்புகிறது என்பதன் அறிக்கை. அப்போஸ்தலர் பிரமாணமும் நிசேயா பிரமாணமும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவை கடவுளைப் பற்றிப் பேசுகின்றன. சபைக் காணிக்கையை எப்படிச் செலவிடுவது என்று பேசுவதில்லை.

2. நோக்கமும் பணியும்: சபை எங்கே போக விரும்புகிறது, அதற்காக என்ன செய்கிறது என்பவை. பள்ளி நடத்துவது பணி. எந்தப் பிள்ளைகளுக்காக நடத்துவது என்ற முடிவு விழுமியத்தின் பக்கம் சாயத் தொடங்குகிறது.

3. அமைப்பு விதிகள்: யார் முடிவெடுக்கலாம், எத்தனை பேர் வாக்களிக்க வேண்டும், எந்த வயதில் ஓய்வு என்பவை. நீதிமன்றம் வரை போகும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்தத் தளத்தில்தான் நடக்கின்றன.

4. மரபு: வெண்ணிற அங்கி, பாமாலை, கீர்த்தனை, சபையார் ஒன்றுகூடி உண்ணும் அசன விருந்து முதலியவை. மாறினால் மனம் வருந்தும்; ஆனாலும் மாறலாம்.

5. விழுமியம்: நல்லவையாகத் தோன்றும் இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க முடியும் என்ற நிலை வரும்போது, எது முன்னால் நிற்கும் என்பதற்கான முன்கூட்டிய உறுதி.

ஐந்தாவது வரையறையில்தான் இந்தக் கட்டுரை முழுவதும் நிற்கிறது. நல்லதையும் கெட்டதையும் எதிரெதிரே வைத்துத் தேர்வு செய்ய விழுமியப் பட்டியல் தேவையில்லை; அதற்குப் பத்துக் கட்டளைகளே போதும். சபையின் அமைதியும் சபையில் ஒருவருக்குரிய நீதியும் மோதும்போது, அல்லது பெரியதொரு நன்கொடையும் நேர்மையான கணக்கும் மோதும்போதுதான் விழுமியத்துக்கு வேலை வருகிறது.

அந்தியோகியாவில் பேதுரு எழுந்து போன பந்தி

புதிய ஏற்பாட்டிலேயே இந்த வேறுபாட்டுக்குத் துல்லியமான காட்சி ஒன்று உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தில், யூதரல்லாத விசுவாசிகள் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்ற கேள்வியை எருசலேம் ஆலோசனைக் கூட்டம் விவாதிக்கிறது. முடிவு வியக்கத்தக்க அளவு சுருக்கமானது: விருத்தசேதனம் என்ற பாரம் வேண்டாம், நான்கு காரியங்களிலிருந்து மட்டும் விலகியிருந்தால் போதும். எது கட்டாயம், எது கட்டாயமில்லை என்று பிரித்துச் சொன்னதில்தான் அந்த முடிவின் வலிமை இருக்கிறது.

கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இதே சிக்கலைச் சாப்பாட்டுப் பந்தியில் காட்டுகிறது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து உண்டுவந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து விலகிப் பிரிந்தார். மற்ற யூதர்களும் அவரைப் பின்பற்ற, பர்னபாவும் இழுபட்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். கோட்பாட்டளவில் பேதுருவுக்கும் பவுலுக்கும் இடையே கருத்து வேறுபாடு எதுவும் இருந்ததாக அந்தப் பகுதி சொல்லவில்லை. பேதுருவின் பிரமாணம் சரியாகவே இருந்தது, எழுந்து போனது அவருடைய கால். பிரமாணத்துக்கும் விழுமியத்துக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தரங்கம்பாடி, 1919: ‘ஐக்கியம்’ என்ற சொல்லுக்கு எல்லை வகுத்தது

1919 மே மாதத் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினர்; இருவரைத் தவிர அனைவரும் இந்தியர். இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வே. ச. அசரியாவும், தென்னிந்திய ஐக்கிய சபையின் தலைவர்களுள் ஒருவரான சந்தியாகுவும் அதில் முன்னின்றனர். அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரம் இது: நம்மைப் பிரித்து வைத்திருக்கும் பிரிவுகளை நாம் உண்டாக்கவில்லை, அவை வெளியிலிருந்து நம்மீது சுமத்தப்பட்டவை, அவற்றை நீடிக்கச் செய்ய நாம் விரும்பவில்லை. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நூற்றாண்டுகளுக்கு முன் நடந்த சண்டைகளின் பேரால், திருநெல்வேலிக்காரரும் மதுரைக்காரரும் ஒரே திருவிருந்தில் சேர முடியாமல் இருப்பதில் உள்ள அபத்தம் அந்த அறிக்கைக்குப் பின்னால் இருந்தது.

‘ஐக்கியம் வேண்டும்’ என்பதோடு அவர்கள் நின்றிருந்தால், அது இன்றைய முகப்புப் பலகைகளில் இன்னொன்றாக முடிந்திருக்கும். மாறாக, எவை இருந்தால் ஐக்கியம், எவை இல்லாமலும் ஐக்கியம் என்று பிரிக்கத் தொடங்கினார்கள். ஆங்கிலிக்கன் சபைகள், தங்கள் பேராயர்கள் உலகெங்கிலுமிருந்து கூடும் லாம்பெத் மாநாட்டில் 1888-இல் ஏற்றிருந்த நான்கு அம்சங்கள் இதற்கு அடித்தளமாயின.

1. இரட்சிப்புக்குத் தேவையான அனைத்தையும் கொண்டதும், விசுவாசத்தின் இறுதி அளவுகோலாக நிற்பதும் வேதாகமமே.

2. அப்போஸ்தலர் பிரமாணமும் நிசேயா பிரமாணமும் விசுவாசத்தின் சாட்சிகள்.

3. கிறிஸ்து ஏற்படுத்திய இரு திருவருட்சாதனங்கள்: ஞானஸ்நானமும் திருவிருந்தும்.

4. வரலாற்று வழிவந்த பேராயர் ஊழியம், இடத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் வகையில்.

முதல் மூன்றில் பெரிய தகராறு எழவில்லை. நான்காவது அம்சத்துக்குத்தான் ஆண்டுகள் செலவாயின. ஆங்கிலிக்கன் மரபில், அப்போஸ்தலர் காலம் முதல் கைவைத்தல் வழியாகத் தொடர்ந்து வரும் பேராயர் வரிசை உயிர்நாடியாகக் கருதப்பட்டது. மூப்பர் மன்றங்களால் ஆளப்படும் பிரெஸ்பிட்டேரியரும் சபைத் தன்னாட்சி மரபினரும் ஏற்கெனவே 1908-இல் ஒன்றிணைந்து அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபைக்கோ, பேராயர் என்ற சொல்லே அதிகாரத்தின் வாடை கொண்டதாகத் தோன்றியது. எல்லா விசுவாசிகளும் ஆசாரியரே என்ற கோட்பாடு அவர்களுக்கு அத்தனை முக்கியம்.

கண்டடைந்த தீர்வு நுட்பமானது. பேராயர் இருப்பார், ஆனால் அவர் அமைப்பு விதிகளுக்குக் கட்டுப்பட்டு, சபை மன்றங்களோடு சேர்ந்து பணியாற்றுவார். பேராயர் ஊழியம் ஏன் தேவை என்பதற்கு இன்னின்ன விளக்கத்தைத்தான் ஏற்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தப்படமாட்டார்கள். அதாவது நடைமுறை பொதுவானது, அதற்கான விளக்கம் அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்டது. இணைப்புக்கு முன்பே வேறு முறையில் அபிஷேகம் பெற்றிருந்த குருமார்களை மறுபடி அபிஷேகம் செய்யாமலேயே ஏற்பது, புதிதாக வருபவர்கள் அனைவரும் பேராயரால் அபிஷேகம் பெறுவது, 30 ஆண்டுகள் கழித்து இந்த ஏற்பாட்டை மீண்டும் ஆராய்வது என்று இடைக்காலமும் வகுக்கப்பட்டது. எந்தச் சபையின்மீதும் அதன் மரபுக்கும் மனச்சாட்சிக்கும் ஒவ்வாத ஊழியத்தைத் திணிப்பதில்லை என்ற வாக்குறுதியும் சேர்க்கப்பட்டது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன் சபையின் தென்னிந்தியத் திருமண்டலங்களும், தென்னிந்திய ஐக்கிய சபையும், பிரிட்டிஷ் மெதடிஸ்ட் வழிவந்த சபையின் தென்னிந்திய மாகாணமும் இணைந்தன. 14 திருமண்டலங்களோடு தொடங்கிய அமைப்பில் யாழ்ப்பாணமும் ஒன்று. சபாபதி குலேந்திரன் அதன் முதல் பேராயரானார். ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் சபையிலிருந்து வந்த லெஸ்லி நியூபிகின், மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்தின் பேராயராக அபிஷேகம் பெற்றார். தாமரையும் சிலுவையும் சேர்ந்த சின்னத்தைச் சுற்றி யோவான் 17:21-இன் ‘அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்’ என்ற மன்றாட்டு எழுதப்பட்டது.

விலை கொடுத்தவர்கள்

ஒன்றை விழுமியம் என்று அழைக்க, அதற்காக ஏதேனும் இழக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த இணைப்புக்கு விலை இருந்தது. 1948-இல் கூடிய லாம்பெத் மாநாடு புதிய திருச்சபைக்கு முழு ஐக்கிய உறவை வழங்கவில்லை. மறு அபிஷேகம் இல்லாமல் குருமார்களை ஏற்றுக்கொண்டதை ஆங்கிலிக்கன் உலகின் ஒரு பகுதி தாங்கிக்கொள்ளவில்லை. தாய்ச்சபையோடு இருந்த முழு உறவை இழந்து, அக்கம்பக்கத்துச் சபையோடு ஒன்றானார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஐக்கியம் என்ற ஒரே சொல்லின் இரு பொருள்கள், உலகளாவிய ஆங்கிலிக்கன் ஐக்கியமும் உள்ளூர்க் கிறிஸ்தவரின் ஐக்கியமும், மோதியபோது இரண்டாவது முன்னால் வைக்கப்பட்டது.

எல்லாரும் அந்த விலையைக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. ஆந்திரப் பகுதியிலுள்ள நந்தியாலின் ஆங்கிலிக்கன் சபைகள் வெளியே நின்று, 1975-இல்தான் இணைந்தன. பேராயர் வரிசையின் தூய்மையைக் காக்க வேண்டி விலகி நின்ற அதே நந்தியாலில்தான், 2013-இல் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக புஷ்பலலிதா பொறுப்பேற்றார் என்பது வரலாறு எப்போதாவது செய்யும் குறும்புகளில் ஒன்று. பெண்களைக் குருவாக அபிஷேகம் செய்யும் வழக்கம் இத்திருச்சபையில் 1976-இலேயே தொடங்கியிருந்தது.

எழுதாமல் விட்ட ஐக்கியம்

இங்கேதான் கணக்கில் பெரிய ஓட்டை தெரிகிறது. ஆங்கிலிக்கனுக்கும் மெதடிஸ்டுக்கும் இடையே எது கட்டாயம், எது விருப்பம் என்று வரி வரியாக எழுதப்பட்டது. தெற்குத் தெருவுக்கும் வடக்குத் தெருவுக்கும் இடையே அப்படி வரி வரியாகப் பேரம் பேசி ஓர் ஒப்பந்தம் எழுதப்படவில்லை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்திருந்தது பேராயர் வரிசையைப் பற்றிய கருத்து மட்டுமன்று என்பது அனைவருக்கும் தெரிந்ததே.

சாதி குறித்த தகராறு அதற்கு நூறாண்டுகளுக்கு மேல் பழையது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேறுபாட்டை உறுதியாகவும் உடனடியாகவும் இறுதியாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஆலயத்தில் தனித்தனியாக உட்காருவதும், திருவிருந்துக்கு முன்பின்னாக வருவதும் முடிவுக்கு வர வேண்டும் என்பதே அதன் நடைமுறைப் பொருள். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையை விட்டு விலகினர். சாதி விஷயத்தில் தளர்வாக இருந்த லைப்சிக் லூத்தரன் மிஷனுக்குப் பிற்காலத்தில் ஒரு பகுதியினர் சென்று சேர்ந்தனர்.

எதிர்த்தவர்களில் கிறிஸ்தவக் கவிஞரான தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய தரப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் அது நமது வரையறைச் சிக்கலையே தொடுகிறது. சாதி என்பது ஊர் வழக்கம், மதத்தோடு சேர்ந்ததன்று. வெள்ளைக்காரரிடமும் பெரியவர் சிறியவர் என்ற தகுதி வேறுபாடு உண்டு. பிறகு எங்கள் வழக்கத்தை மட்டும் ஏன் ஒழிக்க வேண்டும் என்பது அந்தத் தரப்பின் வாதம். அதாவது, சாதி மேலே சொன்ன பட்டியலில் நான்காவது இடத்துக்கு, மரபுக்கு, உரியது என்றார்கள். வில்சன் அதை ஐந்தாவது இடத்தில் வைத்தார். சபைகளில் நடக்கும் சண்டைகளில் பல, ஒரு விஷயம் சரியா தவறா என்பதைவிட, அது எந்த இடத்தில் வைக்கப்பட வேண்டியது என்பதைப் பற்றியவையே. என் கணிப்பில் வில்சன் சரியான இடத்தில்தான் வைத்தார். ஆனால் அதைத் தீர்மானிக்கும்போது சபையாரை அவர் கலந்துகொள்ளவில்லை.

1847-இல் அமெரிக்க மதுரை மிஷன் இன்னும் ஒரு படி மேலே சென்றது. மிஷன் ஊழியர்கள் சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் ‘அன்பின் விருந்து’ ஒரு சோதனையாகவே வைக்கப்பட்டது. உட்கார மறுத்த உபதேசிமார் பலர் வேலையை இழந்தனர். இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, விழுமியத்தைச் சோதிக்க மிஷன் தேர்ந்தெடுத்த இடம் அந்தியோகியாவில் பவுல் தேர்ந்தெடுத்த அதே இடம். இரண்டு, சம்பளம் வாங்குபவர்களைத்தான் அது சோதித்தது. இலையில் கை வைத்தவர் நம்பிக்கையால் வைத்தாரா, மாதச் சம்பளத்தால் வைத்தாரா என்பதை அந்த விருந்து காட்டியிருக்க வாய்ப்பில்லை. மேலிருந்து வந்த உத்தரவு ஊழியர்களின் நடத்தையை மாற்றியது. அதே உத்தரவு சபையாரின் விழுமியமாக ஆகிவிடவில்லை.

தஞ்சாவூரின் ஆங்கிலிக்கன் சபைகளும் மதுரையின் அமெரிக்க மிஷன் சபைகளும் இந்த முடியாத வழக்கைச் சுமந்தபடியே 1947-இல் ஒன்றாயின.

கையிலிருந்து கைக்கு

ஒப்பந்தம் சொல்லாததை வழிபாட்டு முறை ஓரளவு சொல்ல முயன்றது. 1950-இல் வெளிவந்த தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனை முறையில், ‘சமாதானம்’ கையிலிருந்து கைக்குக் கொடுக்கப்படுகிறது. கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்கிறார்கள். குருவானவரிடமிருந்து உடன் பணி செய்வோருக்கும், அவர்களிடமிருந்து வரிசை வரிசையாகச் சபை முழுவதற்கும் அது செல்கிறது. கேரளத்துச் சிரியன் மரபில் வேர்கொண்ட இந்தச் செயலை, தொடுகையே தீட்டாகக் கருதப்பட்ட ஒரு சமூகத்தில், ஆராதனையின் நடுவில் வைத்ததன் கனம் பெரியது. பலகையில் எழுதும் ‘சமத்துவம்’ யாருடைய கையையும் பிடிக்க வைப்பதில்லை. இந்த முறை பிடிக்க வைக்கிறது. பக்கத்தில் உட்காருபவர் யார் என்பதை ஆராதனை முறையால் தீர்மானிக்க முடியாது என்பதே அதன் எல்லை. தெருவாரியாக இருக்கை பிரிந்திருக்கும் ஆலயத்தில் சமாதானமும் தெருவுக்குள்ளேயே சுற்றிவிடும்.

விளைவுகள்

இந்த எழுதாத பகுதியின் விளைவுகள் ஆலயச் சுவருக்கு வெளியேயும் நீள்கின்றன.

1. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை, முதலில் இந்துக்களையும், 1956-இல் சீக்கியரையும், 1990-இல் பௌத்தரையும் மட்டுமே பட்டியலுக்குள் கொண்டுவந்தது. தலித் கிறிஸ்தவர்களையும் சேர்க்க வேண்டும் என்று திருச்சபைகள் கோருகின்றன. அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால் அதை முன்வைக்க, மதம் மாறிய பின்னும் சாதிக் கொடுமை தொடர்கிறது என்று திருச்சபையே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சியின் ஒரு பகுதி, சாதிவாரியாகப் பிரிந்த தன் கல்லறைத் தோட்டத்தைப் பற்றியதாகவும் இருக்கும்.

2. பேராயர் அதிகாரத்தை மன்றங்களால் கட்டுப்படுத்த 1947-இல் செய்த ஏற்பாடு, காலப்போக்கில் மன்றத் தேர்தலையே போட்டிக்களமாக்கியது. எதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அமைப்பு விதிகள் சொல்கின்றன. வாக்குக் கேட்கும்போது எதைச் சொல்லிக் கேட்கக் கூடாது என்பதற்கு, சபையார் தாங்களே ஏற்றுக்கொண்ட விழுமியம்தான் காவல். அது சாதியின் இடத்தில் வெற்றாக இருந்ததால், அணிகள் அந்த வழியாகவே உருவாவதைத் தடுக்க எதுவும் இருக்கவில்லை.

3. நீதிமன்றத்தால் ஐந்து தளங்களில் ஒன்றைத்தான், அமைப்பு விதிகளைத்தான், சரிசெய்ய முடியும். ஒரு தேர்தல் செல்லும் அல்லது செல்லாது என்று தீர்ப்பு வரலாம். அந்தத் தீர்ப்பைச் சபையின் ஆன்மிகத் தகுதிக்கான சான்றிதழாக இரு தரப்பும் சுவரொட்டி அடிப்பது, மூன்றாவது இடத்துக்கும் ஐந்தாவது இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறைப்பதாகும்.

ஒரு சேகரம் இன்று எழுதத் தொடங்கினால்

1919-க்கும் 1947-க்கும் இடைப்பட்ட முறையை, ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் வட்டாரமான சிறிய சேகரமும் கையாளலாம். 28 ஆண்டுகள் தேவைப்படாது. ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் கீழ் எது கட்டாயம், எது அவரவர் விருப்பம், மீறினால் எதை இழக்கத் தயார் என்ற மூன்றையும் எழுத வேண்டும். ‘ஐக்கியம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டால் வரைவு ஏறத்தாழ இப்படி அமையும்:

1. அசன விருந்துக்கு ஒரே சமையல், ஒரே பந்தி. சோறு வடிப்பவரும் பரிமாறுபவரும் எல்லாத் தெருக்களிலிருந்தும் வருவார்கள்.

2. கல்லறைத் தோட்டத்தில் இடம், மரித்த நாளின் வரிசைப்படியே ஒதுக்கப்படும்.

3. ஞானஸ்நானத்தைத் தெளித்துக் கொடுப்பதா, முழுக்கிக் கொடுப்பதா, ஆராதனையில் பாமாலையா கீர்த்தனையா என்பவற்றில் ஒரே முறை வற்புறுத்தப்படாது.

4. முதல் இரண்டு அம்சங்களை மாற்றச் சொல்லும் நிபந்தனையோடு வரும் நன்கொடை, கோபுரக் கட்டுமானம் பாதியில் நின்றாலும், திருப்பி அனுப்பப்படும்.

இந்த வரைவைச் சேகரக் கமிட்டியில் வாசித்தால் முதல் மூன்றும் பெரிய விவாதமின்றி நிறைவேறக்கூடும். நான்காவது வந்ததும் யாராவது ஒருவர் எழுந்து, இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்பார்.